கீச்சி கணக்குச் சொல்லப் போனாள்

குளக்கரையில் வெள்ளைக் கொக்குகள் ஒரு பள்ளி நடத்திவந்தன. காய்ச்சலுக்கு எந்த இலை, விஷக்கடிக்கு எந்த வேர் என்று அங்கே கற்றுக்கொடுத்தன. அந்தப் பள்ளியில் படித்தாள் கீச்சி என்ற இளம் அணில். கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் விடமாட்டாள்.

படிக்கும் நேரம் போக, அவள் ஒரு கரடியிடம் வேலை பார்த்தாள். கரடி ஏற முடியாத மெல்லிய கிளைநுனிவரை போய், எந்தத் தேனடை முற்றியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூலி, வாதாங்கொட்டைகளாக. கொடுக்கும்போதே கரடி பத்துக்கு ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிடும். அது காட்டின் பொதுக் களஞ்சியத்துக்கு. ஓடை வற்றும் வருஷத்தில் எல்லோருக்கும் அதிலிருந்துதான் சாப்பாடு.

மழைக்காலம் நெருங்கியது. இந்த ஒரு மழைக்காலம் படித்துவிட்டால் கீச்சியின் படிப்பு முடிந்துவிடும். ஆனால் அடைமழையில் தேனும் இல்லை, வேலையும் இல்லை. பொந்தில் இருந்த கொட்டைகளை எண்ணிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினாள். மழை விடும்வரை தாங்காது. பள்ளியை விட்டுவிட்டு மலைக்கு அப்பால் பிழைப்புத் தேடிப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் மயில் ஒன்று காடெங்கும் அறிவித்துக்கொண்டு போனது. முதல் மழைக்கு முன் எல்லோரும் களஞ்சியப் பாறைக்கு வந்து, வருஷம் முழுக்கத் தமக்குக் கிடைத்தது எவ்வளவு என்று களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் நாரையம்மாவிடம் சொல்ல வேண்டுமாம்.

அணில்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கொட்டையைப் புதைப்பதும், புதைத்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் அணில் வழக்கம். எத்தனை வைத்திருக்கிறாய் என்று பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது.

"நாமெல்லாம் சின்ன உயிர். யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டுப் போவோம். அங்கே போய் நின்றாயோ, இருக்கிறதையும் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று பக்கத்துக் கிளை செம்பி அக்கா பயமுறுத்தினாள்.

கீச்சிக்கும் பயம்தான். ஆனால் பயத்தோடு கூடவே ஒரு குறுகுறுப்பு. தன் கொட்டைகள் போகிற இடத்தை அவள் பார்த்ததே இல்லை. அங்கே என்னதான் நடக்கிறது?

அப்போது வந்து சேர்ந்தது வக்கணை என்ற நரி. விவரம் தெரியாதவர்களுக்காகப் பாறையில் போய்ப் பேசுவதுதான் தன் தொழில் என்றது.

"கரடி எடுத்துவைத்த கொட்டையை நான் திருப்பி வாங்கித் தருகிறேன், பாப்பா. பாதி உனக்கு, பாதி எனக்கு. உனக்கு ஐந்து குட்டிகள் என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தால் கூடுதலாகவே கிடைக்கும்."

"எனக்குக் குட்டியே இல்லையே."

"அது நாரையம்மாவுக்குத் தெரியுமா?"

"குட்டிகளின் பெயரைக் கேட்டால்?"

நரி மேலே பார்த்துக்கொண்டு ஐந்து பெயர்கள் சொன்னது. மூன்றாவது குட்டிக்கும் ஐந்தாவது குட்டிக்கும் ஒரே பெயர். அதைக் கீச்சி எடுத்துச் சொன்னதும் நரியின் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கோ இன்னொன்று கேட்கத் தோன்றியது.

"ஐயா, உங்களிடம் கொடுக்கிற நாரையம்மா, நானே போய்க் கேட்டால் கொடுக்க மாட்டாரா?"

நரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. "நீ இப்படியே கேட்டுக்கொண்டிரு, மழை வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்துக் குரங்கைப் பார்க்கப் போய்விட்டது.

மறுநாள் கீச்சி பாறைக்குப் போனாள். வரிசையில் நின்றபோது வால் தன்னால் நடுங்கியது. அதைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள்.

பாறையில் ஒரு குழி. குழியின் உட்சுவரில் ஒரு கோடு. கற்கள் அதைத் தொட்டால்தான் களஞ்சியத்துக்குப் பங்கு என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். வந்தவர்கள் சொல்லச் சொல்ல, நாரையம்மா கொட்டைக்கு ஒரு கூழாங்கல்லாகக் குழியில் போட்டார். கரடியிடம் கிடைத்ததைக் கீச்சி சொன்னாள். கற்கள் விழுந்தன. கோட்டுக்கு நன்றாகக் கீழேயே நின்றன.

"அவ்வளவுதானா?" என்றார் நாரையம்மா.

மரங்கொத்தியின் குஞ்சுகளைச் சில நாள் பார்த்துக்கொண்டதற்காக அது கொடுத்த கொட்டைகள் கீச்சியிடம் தனியே இருந்தன. அது யாருக்கும் தெரியாது. சொன்னால் கற்கள் கோட்டைத் தாண்டிவிட்டால்? சொல்லாவிட்டால், நரி பெற்ற ஐந்து குட்டிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி கற்கள் விழும் சத்தம். அது நின்றதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மேல் கல்லுக்கும் கோட்டுக்கும் நடுவில் சின்னதாக ஓர் இடைவெளி இருந்தது.

"கோட்டைத் தொடாதவர்களிடம் களஞ்சியம் எதுவும் எடுப்பதில்லை, மகளே. கரடி எடுத்துவைத்தது அத்தனையும் உனக்குத்தான்."

"அப்படியானால் கரடியார் ஏன் எடுத்தார்?"

"வருஷ முடிவில் நீ கோட்டுக்கு மேலா, கீழா என்று கரடிக்கு எப்படித் தெரியும்? நீ வந்து சொன்னால்தானே எனக்கே தெரிகிறது?"

"போன வருஷம் எடுத்தது?"

நாரையம்மா அலகைச் சற்றுத் தாழ்த்தினார். அது களஞ்சியத்தோடு கலந்துவிட்டது என்றார். கேட்க வேண்டிய காலத்தில் யாரும் வந்து கேட்கவில்லையே.

வரிசையில் அடுத்து நின்றது குரங்கு. தனக்கு ஐந்து குட்டிகள் என்று மனப்பாடமாக ஒப்பித்தது. அவற்றைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, கூட்டி வா என்றார் நாரையம்மா. அன்று பொழுது சாயும்வரை குரங்கு நரியைத் தேடி அலைந்தது. நரி அகப்படவில்லை.

கீச்சி தன் கொட்டைகளை உருட்டிக்கொண்டு வந்து பொந்தில் சேர்த்தாள். எண்ணினாள். மழை விடும்வரை போதும்.

இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. கொக்குகளின் பள்ளியில் மணி அடித்தது. கீச்சி நனைந்துகொண்டே ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பயந்து ஒளிந்துகொள்பவருக்குத் தமக்கு உரியதும் கிடைப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளதை உள்ளபடி சொல்பவருக்கே அது வந்து சேரும்.