பொந்து வாசலில் கரிச்சான் கூப்பிட்ட குரல்

மலையடிவாரக் காட்டில் உயரமான வேங்கை மரம் ஒன்று நின்றது. அதன் நடுத்தண்டில் ஒரு பொந்து. பொந்துக்குள் பெண் இருவாட்சி ஒன்று தன் குஞ்சோடு அடைந்திருந்தது.

இருவாட்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே போனதும் இறகுகளை உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண்பறவை பழத்தோடு வந்து வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டால்தான் உள்ளேயிருந்து அலகு நீளும். வேறு யாருக்கும் நீளாது. நீட்டிய அலகைக் கவ்வி இழுக்க ஒரு மரநாய் அங்கே திரிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சூறைக்காற்று அடித்தது. முறிந்த கிளை ஒன்று ஆண் இருவாட்சியின் மேல் விழுந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு புதருக்குள், சிறகைத் தூக்க முடியாமல் அது கிடந்தது.

மறுநாள் காலையில் அந்த வழியாக ஒரு கரிச்சான் வந்தது. கரிச்சானைக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். கருப்பு உடம்பு, வாலில் இரண்டு நீண்ட கம்பிகள், ஓரிடத்தில் நிற்காத கால்கள். எந்தப் பறவையின் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பாடிவிடும். வல்லூறு போலக் கத்தி மைனாக்களை விரட்டும். அவை போட்டுவிட்டுப் போன புழுவைத் தின்னும்.

“தம்பி, நேத்திலிருந்து வீட்டுல பட்டினி,” என்றது ஆண் இருவாட்சி. “இங்கிருந்து நான் கத்தினா அங்க கேக்காது. என் குரல்ல நீ போய்க் கூப்பிடு. ஆலம்பழம் நாலு கொடுத்துட்டு வா.”

“உங்க குரல் எனக்கு மனப்பாடம் அண்ணே.”

“அதில்லப்பா. ஒண்ணு சொல்லணும். நான் கூப்பிடும்போது…”

கரிச்சான் அதற்குள் பறந்துவிட்டது. இத்தனை நாள் திருடப் பயன்பட்ட வித்தை இன்று ஒரு நல்ல காரியத்துக்கு ஆகப்போகிறது. அதற்குக் கால் தரையில் படவில்லை.

ஆலம்பழத்தைப் பட்டை இடுக்கில் வைத்துவிட்டு அது கூப்பிட்டது. பக்கத்துக் கிளையில் இருந்த மலையணில் அசந்துபோய் வாலைச் சுருட்டிக்கொண்டது. ஆண் இருவாட்சியே வந்துவிட்டது போல இருந்தது.

கீறலில் அலகின் நுனி தெரிந்தது. ஆசை தாங்காமல் கரிச்சான் இன்னொரு முறை கூப்பிட்டது. முதல் முறை கூப்பிட்டது போலவே, மயிரிழையும் மாறாமல்.

அலகு பின்னால் போய்விட்டது.

“யாருடா அது?” உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“நான்தான்,” என்றது கரிச்சான், ஆண் இருவாட்சியின் குரலில்.

“நீ அவர் இல்ல. ஒரு தடவை கூப்பிட்டு நான் அலகை முழுசா நீட்டலேன்னா அடுத்த தடவை அவருக்கு எரிச்சல் வந்துடும். இருபது வருஷமா எனக்குத் தெரியாதா? போடா திருட்டுக் கரிச்சான்.”

மலையணில் சிரித்தது. “வித்வான், சுரமெல்லாம் சுத்தம். ஆனா உப்பில்ல. நாளைக்கு எரிச்சலையும் சேர்த்துப் பாடு.”

அன்று முழுவதும் கரிச்சான் எரிச்சலைப் பழகியது. மறுநாள் காலை வாசலுக்கு வந்து ஒருமுறை கூப்பிட்டது. உடனே இரண்டாம் முறை எரிந்து விழுந்து கூப்பிட்டது.

“எதுக்குக் கோபப்படுறே?” என்றது பெண் இருவாட்சி. “நான்தான் முதல் தடவையே வாசலுக்கு வந்துட்டேனே.”

கரிச்சான் அணிலைத் திரும்பிப் பார்த்தது.

“அப்போ நடுக்கம் கொடு,” என்றது அணில். “கண்ணை மூடிக்கோ. பாதியில நிறுத்தி மூச்சு வாங்கு. கேக்கிறவங்களுக்கு நெஞ்சு உருகிடும்.”

கரிச்சான் நடுங்கிப் பாடியது. கண்ணை மூடிப் பாடியது. மூச்சு வாங்கிப் பாடியது. அணிலுக்கு நெஞ்சு உருகியது. பொந்துக்குள் அசைவில்லை.

கடைசியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அதற்குத் தோன்றியது. ஆனால் எந்தக் குரலில் சொல்வது? பழக்கதோஷம் விடவில்லை. புறாவின் துக்கக் குரலை எடுத்துக்கொண்டது.

“அக்கா, அண்ணனுக்கு அடிபட்டிருக்கு. அவர்தான் என்னை அனுப்பினார்.”

“மைனாக்களுக்கும் இப்படித்தான் வல்லூறு வந்ததா சொன்னே,” என்றது இருவாட்சி. கீறலை விட்டு உள்ளே நகர்ந்துகொண்டது. குஞ்சு மட்டும் பசியில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் கரிச்சான் புதருக்குத் திரும்பியது. ஆண் இருவாட்சி ஆவலோடு தலையைத் தூக்கியது. “நேத்து உன்னைக் காணோமே. சாப்பிட்டாங்களா?”

தோற்றுவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “சாப்பிட்டாங்க அண்ணே,” என்றது கரிச்சான்.

“குஞ்சு?”

“அதுவும்.”

ஆண் இருவாட்சி கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு நாளில் முதல்முறையாக அதன் உடம்பு தளர்ந்தது. கரிச்சானால் அங்கே நிற்க முடியவில்லை. கிளை மாறி உட்கார்ந்தது. அங்கேயும் முடியவில்லை. ஓடைக்குப் போனது, திரும்பி வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் அதற்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை எந்தப் பொய்யும் இப்படித் தொண்டையிலேயே தங்கியதில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் அது வேங்கை மரத்துக்குப் பறந்தது. பழத்தை இடுக்கில் வைத்தது. கூப்பிட வாயைத் திறந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

பொந்து அமைதியாக இருந்தது. குஞ்சின் கீச்சொலி இல்லை.

கரிச்சான் காதை வைத்துக் கேட்டது. இல்லை. ஆண் இருவாட்சியின் குரலை எடுக்கப் பார்த்தது. பாதியில் உடைந்தது. புறாவின் குரலும் வரவில்லை. கடைசியில் கரகரவென்று ஏதோ ஒன்று வந்தது. அது யாருடைய குரல் என்று கரிச்சானுக்கே தெரியவில்லை.

“அக்கா, குஞ்சு ஏன் கத்தலை? அக்கா, நீங்க சாப்பிட்டீங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். சாப்பிட்டீங்கன்னு… அவர் நம்பிட்டார். அலகை நீட்டுங்க அக்கா. வேண்டாம், நீட்ட வேண்டாம். குஞ்சைக் கத்தச் சொல்லுங்க. ஒரு தடவை. எனக்கு ஒரு தடவை கேட்டாப் போதும்.”

வாலின் இரண்டு கம்பிகளும் நடுங்கின.

கீறலில் அலகின் நுனி தெரிந்தது. பிறகு பாதி அலகு. பிறகு முழு அலகும் வெளியே நீண்டது.

கரிச்சான் பழத்தை அலகில் வைத்தது. அலகு உள்ளே போனது. மறுபடி நீண்டது. கரிச்சான் ஆலமரத்துக்கும் வேங்கை மரத்துக்குமாகப் பறந்தது. ஏழாவது பழத்துக்குப் பிறகு உள்ளே மெல்லிய கீச்சொலி ஒன்று எழுந்தது.

“நான் சொன்னதை எப்படி நம்பினீங்க அக்கா?”

“என்ன சொன்னேன்னு பாதி காதுல விழல தம்பி,” என்றது இருவாட்சி. “தடுமாறினே பாரு, அது விழுந்தது. அவர் வர நேரமாகிற நாள்ல நான் இருட்டுக்குள்ள இப்படித்தான் தடுமாறுவேன்.”

அன்றே கரிச்சான் புதருக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னது. ஆண் இருவாட்சி சிறகைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. பிறகு, “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாப் போ,” என்று மட்டும் சொன்னது.

மறுநாள் மலையணில் ஓடி வந்தது. “வித்வான், நேத்து ஒரு குரல் எடுத்தியே. காட்டுல நான் கேட்டதிலேயே அதுதான் உசத்தி. இன்னொரு தடவை பாடிக்காட்டு.”

கரிச்சானுக்கும் ஆசைதான். வாயைத் திறந்தது. சுத்தமான, அழகான ஒரு குரல் வந்தது. உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது.

அணில் தலையை ஆட்டியது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல.”

“ஆமா,” என்றது கரிச்சான். “அது இல்ல.” அது எங்கே போனது என்று யோசித்தபடி கிளையில் முன்னும் பின்னும் நடந்தது.

“தம்பி, குஞ்சுக்குப் பசிக்குது,” என்று பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இதோ வந்துட்டேன் அக்கா!” என்று கத்திக்கொண்டே ஆலமரத்தைப் பார்த்துப் பறந்தது கரிச்சான். அந்தக் கத்தலில் சுருதி சேரவில்லை. அணில் மட்டும் காதை நிமிர்த்திக்கொண்டு அது போன திசையையே பார்த்தது.

பாடுகிறவன் நெஞ்சில் இல்லாதது, அவன் எவ்வளவு பிசகில்லாமல் பாடினாலும், கேட்கிறவர் நெஞ்சுக்குப் போய்ச் சேராது.