உள்ளங்கையில் தீட்டிய கத்தி

சடைநாதர் கோயிலின் ஆற்றுத்துறையான கொன்றைத்துறையில் பொழுது விடியுமுன் சாணைக்கல்லை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் நல்லநங்கையார். சடைநாதரை வேண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே முடி மழிக்கும் பணி அவருடைய கணவர் கூத்தனுடையது. கூத்தன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கோயிலுக்குள் கால் வைக்க நாவிதர் குலத்தாருக்கு அக்காலத்தில் வழியில்லை. துறையில் இறக்கும் முடி மட்டும் உள்ளே போய்ச் சுவாமியின் காலடியில் இருக்கும். "நான் போவாட்டியும் என் கை பட்டது உள்ள போவுதே" என்று அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு கணவரின் கத்தியை எடுத்தார் அம்மையார்.

எடுத்தால் போதுமா? அதுவரை அவர் கத்தியைத் தொட்டதே இல்லை. கூர் வேண்டுமென்று கல்லில் அழுத்தித் தேய்த்தார். கத்தியின் கூர்வாய் மடங்கிப் போயிற்று. கல்லில் கத்தியின் வாய் முன்னே போகவேண்டும், கல்லுக்குப் பின் தீட்டும் தோல்வாரில் முதுகு முன்னே போகவேண்டும். பாவம், கல்லில் பழகிய கையோடு வாரிலும் வாயை முன்னே விட்டார். கூத்தன் காலமெல்லாம் தீட்டிய வார் இரண்டு துண்டாக விழுந்தது.

"கத்தி தீட்டச் சொன்னா வார அறுத்துப்புட்டா. இவகிட்ட எவன் தலையக் குடுப்பான்?" என்று துறை நாவிதர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு பலித்துத் தொலைத்தது. முதல் தலையிலேயே ரத்தம் வந்தது. ரத்தம் பட்ட முடி சுவாமிக்கு ஆகாது என்பது துறையின் கட்டுப்பாடு. அதை ஆற்றில் விட்டார்கள். துறைக்கு மேலாளாக இருந்த வீரட்டன் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ முடியில ரத்தத்தப் பாத்தேன், கத்திய வச்சுட்டுப் போயிடணும்."

அன்று அம்மையார் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்காக அவர் அழவில்லை. யாரோ ஒருவரின் வேண்டுதல் தம்மால் ஆற்றோடு போயிற்றே என்றுதான் அழுதார்.

அதன்பின் வாருக்குப் பதில் அவருடைய உள்ளங்கை. ஒவ்வொரு இழுப்புக்கும் "சடைநாதா" என்பார். கத்தியை அதன் முதுகின்மேல் புரட்டி மறுபடி "சடைநாதா" என்பார். கணவர் போனதும் மழித்த தம் தலையில் வைத்து இழுத்துப் பார்த்த பிறகே பிறர் தலையைத் தொடுவார். அவர் தலை முழுக்கக் காயமாயிற்று. வந்தவர்கள் தலையில் ஒரு கீறல் விழவில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் ஒரு கிழவர் வந்தார். தலையெல்லாம் திரிதிரியாகச் சடை, அதனடியில் சீழ்ப்புண். நாவிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, அவர் நங்கையாரின் முன் வந்து உட்கார்ந்தார்.

"வலிக்காம எடுப்பியா?"

"முடிஞ்சவரைக்கும் பாக்கறேன் சாமி. தலைய ஆட்டாம இருங்க."

இரண்டு இழுப்பில் கத்தி மழுங்கிற்று. கல்லுக்குப் போனார், கைக்கு வந்தார், மறுபடி கல்லுக்குப் போனார். கை சோர்ந்து, ஒரு புரட்டலில் கத்தி உள்ளங்கையைப் பிளந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு, புண்ணைச் சுற்றிச் சுற்றி மயிரிழையாக மழித்து முடித்தார். கிழவர் தலையில் ஒரு பொட்டு ரத்தமில்லை. ஆனால் கீழே கிடந்த சடையில், துணியை மீறிச் சொட்டிய அம்மையாரின் ரத்தம் இருந்தது.

"அது என் கை ரத்தங்க" என்றார் அம்மையார்.

"யார் ரத்தமா இருந்தா என்ன? எந்திரி" என்றார் வீரட்டன்.

அம்மையார் கத்தியைக் கழுவி வைத்தார். கிழவர் சடையை வாரி எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார். தடுக்க ஓடிய வீரட்டன் கருவறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கிழவர் இல்லை. ரத்தம் தோய்ந்த அந்தச் சடை லிங்கத் திருமேனியின் அடியில் இல்லை, திருமுடியில் சுற்றியிருந்தது.

"நங்கை தந்தது நமக்கு ஆகும். ஆகாது என்று சொன்னவர் யார்?" என்று ஒரு குரல் எழுந்தது.

வீரட்டன் துறைக்கு ஓடிவந்து அம்மையாரின் காலில் விழுந்து, கண்டதையெல்லாம் சொல்லி அழுதார். உள்ளே வரும்படி கும்பிட்டு அழைத்தார். நங்கையார் கேட்டது ஒன்றுதான்.

"சாமிக்குத் தலை எரியலையே?"

இப்படிக் கேட்கத் தெரிந்த அம்மையாரின் அடியை நாமும் தலைமேல் வைத்துக்கொள்வோம்.