முதல்வருக்குப் பிடித்தது

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னது செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் தற்காலிக லேப் உதவியாளர்.

அங்கே முதல்வர் ஞானசிகாமணி, "லினக்ஸைத் தவிர எதையும் தொட மாட்டேன்" என்று மேடைக்கு மேடை முழங்குபவர். அவருடைய கணினியில் டிஸ்கை இரண்டாகப் பிரித்து ஒன்றில் லினக்ஸும் மற்றதில் விண்டோஸும் என இரண்டு இயங்குதளங்கள் வைத்திருந்தார்கள். விண்டோஸ் விருந்தாளிகளுக்காம். ஒரு நாள் முதல்வர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆன் பண்ணினா எது வேணும்னு கேட்டுக்கிட்டு நிக்குது. நாளைக்கு ஆய்வுக் குழு வருது. நான் ஒரு பட்டனையும் தொட மாட்டேன், எனக்குப் பிடிச்சது தானா வரணும். வரலேன்னா நீ வேற வேலை பாத்துக்கோ."

"பிடிச்சதுதானே சார்? வந்துடும்."

மறுநாள் குழுவின் முன்னால் முதல்வர் கணினியை ஆன் செய்தார். விண்டோஸ் வந்தது. திரை முழுக்க மாலையும் கழுத்துமாக அவர் படம்.

"என்னம்மா இது?"

"பிடிச்சது தானா வரணும்னு சொன்னீங்களே சார், கடைசியா எதைத் திறந்தீங்களோ, அதுவே அடுத்த தடவை தானா வர்ற மாதிரி வச்சேன். பிடிச்சதைத்தானே திறப்போம்?"

குழுத் தலைவர் சிரித்துவிட்டார். "சொன்னதைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று அவர் சொன்ன பிறகு, முதல்வரால் அவளை வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை.

போன வாரம் அவளிடம் கேட்டே விட்டேன்: "உண்மையைச் சொல்லும்மா, முந்தின நாள் சாயங்காலம் அந்த விண்டோஸைத் திறந்தது அவரா, நீயா?"