கொளஞ்சி வளர்த்த தொங்குகள்ளி

முன்னொரு காலத்தில், மரங்கள் ராஜாக்களைக் கண்டு பயப்படாத காலத்தில், கருங்கல்பதி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவன் தேவகீர்த்தி மகாராஜா. அவனுக்கு ஒரே மகன், விசயகீர்த்தி. இளவரசன் வேட்டைக்குப் போனால் அம்புக்கூட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடுகிறவன் பழமலை. பழமலையின் பெண்டாட்டி கொளஞ்சி. தென்னை நாரில் உறி பின்னுகிறவள். இது அவளுடைய கதை.

ஒருநாள் மலைக்காட்டில் இளவரசன் விட்ட அம்புக்குத் தப்பி ஒரு கிளி பெரிய மரமொன்றில் ஒளிந்துகொண்டது. "மரத்தை வெட்டுங்கள்!" என்றான் இளவரசன். வீரர்கள் வெட்டினார்கள். அந்த மரத்தில் குடியிருந்தவன் ஆலகாலன் என்ற மந்திரவாதி. மரம் சாய்ந்ததும் அவன் குதித்து இறங்கி ஒரு பிடி சாம்பலை ஊதினான். வீரர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். இளவரசனைக் காணோம், பழமலையைக் காணோம். பக்கத்து மரத்தின் கவட்டில் இரண்டு கள்ளிச்செடிகள் தொங்கின. முள் இல்லை, இலை இல்லை. பச்சை நாடா மாதிரித் தண்டுகள் மட்டும்.

செய்தி கேட்டு ராஜாவும் ஓடினான், கொளஞ்சியும் ஓடினாள்.

"சாமி, என் புருஷன் கோடாலியைத் தொடவே இல்லையே!" என்று அழுதாள் கொளஞ்சி.

"பக்கத்தில் நின்றானே, அது போதாதா?" என்றான் ஆலகாலன்.

"என் மகனைத் திருப்பிக் கொடு. என்ன வேண்டுமானாலும் தருகிறேன்," என்றான் ராஜா.

"எனக்கு எதுவும் வேண்டாம். இவற்றை வீட்டுக்குள் வைத்து வளர்த்துப் பூக்க வை. பூக்கிற அன்றைக்கு ஆள் வருவான். வெட்டத் தெரிந்த உனக்கு வளர்க்கத் தெரிகிறதா, பார்ப்போம்."

"இதில் எது என் மகன்?"

"பெற்றவனுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு மந்திரவாதி மறைந்துபோனான்.

ஒரு செடி முழங்கால் நீளத்துக்குத் தழைத்துத் தொங்கியது. இன்னொன்று சாண் நீளம், நோஞ்சான். "செழிப்பாக இருப்பதுதான் என் மகன். ராஜ ரத்தம் அல்லவா!" என்றான் ராஜா. எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கொளஞ்சிக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழமலை மெலிந்த உடம்புக்காரன். அந்த நோஞ்சான் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அரண்மனையில் முதல் தோட்டக்காரன் வந்தான். "ராஜா வீட்டுச் செடி அல்லவா!" என்று தங்கத் தொட்டியில் குளத்து வண்டலைக் கொட்டி நட்டு, வேளைக்கு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினான். பாதி வேர் அழுகியது. அவனை விரட்டினார்கள். இரண்டாவது தோட்டக்காரன் வந்தான். "ராஜா வீட்டுச் செடி அல்லவா!" என்று மாடத்தில், உச்சி வெயில் அடிக்கிற இடத்தில் வைத்தான். தண்டெல்லாம் சிவந்து சுருங்கியது. அவனையும் விரட்டினார்கள். மூன்றாவது ஆள் கொஞ்சம் விவரமானவன். நிழலுக்குக் கொண்டுவந்து, மண்ணை மாற்றி, பிழைக்க வைத்தான்.

கொளஞ்சி என்ன செய்தாள்? மறுநாளே மலைக்காட்டுக்குத் திரும்பிப் போனாள். அந்தக் கள்ளி தொங்கிய கவட்டை அரைநாள் அண்ணாந்து பார்த்தாள். அங்கே மண்ணே இல்லை. மட்கிய சருகும் மரப்பட்டையும்தான். வெயில் இலைகளுக்குள் புகுந்து சலித்து விழுந்தது. மழை பெய்தால் நனைந்தது, நின்றால் வடிந்தது. அதே மாதிரி வீட்டில் செய்தாள். தேங்காய் மட்டையும் மரப்பட்டையும் நறுக்கிப் போட்டு, கிழக்கு ஜன்னலோரம் உறியில் தொங்கவிட்டாள். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்தால்தான் தண்ணீர். கோடையில் வாயில் நீர் வைத்துச் சாரலாக ஊதுவாள். ஐப்பசி பிறந்தால் இருட்டியதும் விளக்கை அணைத்துவிடுவாள். நீண்ட இருட்டு இருந்தால்தான் அது மொட்டுக் கட்டும் என்று இரண்டு வருஷம் தோற்றுத் தெரிந்துகொண்டாள்.

நாளெல்லாம் அதனோடு பேசுவாள். "ஏங்க, இன்னைக்கு மழை வரும் போலிருக்கு." "ஏங்க, நம்ம கல்யாணத்தன்னைக்கு நீங்க வழுக்கி விழுந்தீங்களே, நினைப்பிருக்கா?" காற்றில் தண்டு ஆடும். அவளுக்கு அது போதும்.

மூன்றாவது மார்கழியில் தண்டு நுனிகளில் அரிசி அரிசியாக மொட்டு வந்தது. அரண்மனைச் செடியிலும் நாலு மொட்டு வந்தது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அசைக்காதீர்கள், மகாராஜா," என்று தோட்டக்காரன் கெஞ்சினான். "ராஜா வீட்டுச் செடி அல்லவா! ஊர் பார்க்க வேண்டாமா?" என்று பல்லக்கில் ஏற்றி நகர்வலம் கொண்டுபோனான் ராஜா. திரும்பி வருவதற்குள் நாலு மொட்டும் உதிர்ந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து, "உறிக்காரி வீட்டில் மொட்டு நிற்கிறது," என்றான்.

ராஜா ஒரு கணம்தான் யோசித்தான். "அப்படியானால் அதுதான் என் மகன். இதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்!"

வீரர்களோடு வந்து வாசலில் நின்றான். "செடியை எடு."

"எடுங்க, மகாராஜா," என்றாள் கொளஞ்சி. "இப்ப அசைச்சா மொட்டு விழும். உங்களுக்கும் இல்லே, எனக்கும் இல்லே."

உதிர்ந்த நாலு மொட்டும் நினைவுக்கு வர, ராஜா அந்தக் குடிசையில் ஒன்பது நாள் கைகட்டிக் காத்துக் கிடந்தான். பத்தாம் நாள் காலை கொளஞ்சி குளித்தாள், கல்யாணச் சேலையைக் கட்டினாள், கேழ்வரகுக் களி கிண்டி வைத்தாள். பூ விரிந்தது. உறிக்குக் கீழே ஒருவன் நின்றான்.

விசயகீர்த்தி.

ராஜா மகனைக் கட்டிக்கொண்டு கதறினான். இளவரசனின் கண் கொளஞ்சியை விட்டு அகலவில்லை. "மூன்று வருஷம் என்னை 'ஏங்க' என்று கூப்பிட்டாய்," என்றான். "நான் அவன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை."

"கேள், அம்மா! ஐந்து ஊர் தருகிறேன்!" என்றான் ராஜா.

"உங்க குப்பைமேடு எந்தப் பக்கம், மகாராஜா?"

கல்யாணச் சேலையோடு குப்பையைக் கையால் கிளறினாள். எல்லாம் அழுகிக் கூழாகிக் கிடந்தது. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கணு மட்டும் பச்சையாக இருந்தது. அதிலும் கீழ்ப்பாதி அழுகல். வெட்டி எறியாவிட்டால் மேல்பாதியும் போய்விடும். எறிவது அவனில் எந்தப் பாகமோ தெரியாமல் கத்தியை வைத்தாள்.

வெட்டு வாய் காயும்வரை ஏழு நாள் நிழலில் வைத்தாள். பிறகு பட்டைத் தூளில் ஊன்றினாள். மறுபடியும் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர், மறுபடியும் இருட்டு, மறுபடியும் பேச்சு. இளவரசன் மாதம் ஒருமுறை வந்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை. மலைக்காட்டுக்குள் கோடாலி போகக்கூடாது என்று ராஜாவிடம் சொல்லிச் சட்டம் போட வைத்தவன் அவன்தான்.

இன்னொரு மூன்று வருஷம் கழித்துப் பூ விரிந்தது. பழமலை நின்றான். அதே மெலிந்த உடம்பு, அதே முகம். கொளஞ்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் கையை மெல்ல விலக்கிக்கொண்டான்.

"யாரும்மா நீங்க? உங்க குரல் எனக்குத் தெரியுது. ஒரு கத்தி தெரியுது. அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லையே."

கொளஞ்சி மணை போட்டு உட்கார வைத்துக் களியைப் பரிமாறினாள். அவன் அயலார் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி, இரண்டாம் முறை கேட்காமல் எழுந்துகொண்டான்.

மந்திரம் நீங்கிவிட்டது. இருவரும் ஒரே வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். வேலை முடிந்தால் கொளஞ்சி பழைய கதைகளைச் சொல்வாள்: கல்யாணத்தில் வழுக்கி விழுந்தது, அம்புக்கூடு சுமந்து தோள் காய்த்தது, அவளுக்காகக் காட்டிலிருந்து நெல்லிக்காய் மடியில் கட்டி வந்தது. பழமலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"நல்ல மனுஷனா இருந்திருக்கான் போல," என்பான்.

"ஆமாங்க," என்பாள் கொளஞ்சி. "ரொம்ப நல்ல மனுஷன்."