மினிமஸ் வரைக்கும் தேஞ்சவர்

எங்க பிசியோதெரபி காலேஜ் ஹாஸ்டல்ல மூணு மேதைங்க இருந்தானுவ. இசக்கிராஜா, சவரிமுத்து, தங்கப்பழம். அனாட்டமில ரெண்டு தடவ ஃபெயிலு. இந்தத் தடவையும் போச்சுன்னா, ஜூனியர் பயலுவளோட மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்.

வைவாங்கிற வாய்த் தேர்வுக்கு ஆறு நாள் இருக்கையில அனாட்டமி எடுக்குற லீலா மேடம் அவனுவளக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "குண்டித் தசைதான் கேப்பாங்க. மேல மேக்ஸிமஸ், அதுக்கடியில மீடியஸ், எல்லாத்துக்கும் அடியில மினிமஸ். உக்கார்ற இடம் தேயத் தேயப் படிங்கப்பா, பாஸாயிருவீங்க."

மேடம் மேல தப்பில்ல. அவங்க தமிழ்லதான் சொன்னாங்க.

ரூமுக்கு வந்ததும் ஆலோசன நடந்துச்சு.

"எது வரைக்கும்லே தேயணும்?" தங்கப்பழம் கேட்டான்.

"மேக்ஸிமஸ் தேஞ்சா ஜஸ்ட் பாஸ். மீடியஸும் தேஞ்சா ஃபர்ஸ்ட் கிளாஸு" ன்னான் இசக்கி.

"மினிமஸ்?"

"அது கோல்டு மெடல்லே. நமக்கு எதுக்கு? அப்புறம் உக்கார எலும்புதான் இருக்கும்."

மெத்தையில தேயாதுன்னு மூணு பேரும் மொட்டமாடி சிமெண்டுத் தரைக்குப் போனானுவ. தடி புக்கு மூணும் மடியில இருந்துச்சு. தொறக்கல.

"புக்கத் தொறங்கலே" ன்னேன்.

"தொறந்தா வெயிட்டு கூடவா போகுது?" ன்னான் சவரி.

மூணாம் நாளு டேப்பு வச்சு அளந்தானுவ. ஒரு இஞ்சு கூடியிருந்துச்சு. மூணு மூஞ்சியும் செத்துப் போச்சு.

"தேயுறதுக்கு முன்னாடி வீங்கும்லே" ன்னு இசக்கி தேத்துனான்.

"மூதி, அது உக்காந்த எடத்துலயே தின்ன பரோட்டா" ன்னேன்.

"நீ ஒரே தடவையில பாஸான ஆளு. ஒனக்குப் பரிச்சையப் பத்தி என்னலே தெரியும்?"

வைவா அன்னைக்கு நொண்டி நொண்டி உள்ள போனானுவ. என்ன ஆகுதுன்னு நான் வாசல்ல நின்னு பாத்தேன்.

"உக்காருங்கப்பா" ன்னார் எக்ஸாமினர்.

"வேண்டாம் சார். ஆறு நாளா உக்காந்தாச்சு."

மேசையில ஒரு பிளாஸ்டிக் மனுசன் குப்புறக் கெடந்தான். பின்பக்கத்துல மேல் ரெண்டு தசையும் கழட்டி வச்சிருந்துச்சு.

"இங்க தெரியுறது என்ன தசை?"

சவரி செருப்பக் கழட்டுனான். இசக்கிக்குக் கண்ணு கலங்கிருச்சு. கையெடுத்துக் கும்புட்டான்.

"மினிமஸ் சார். மினிமஸ் வரைக்கும் போயிருக்காரு."

"கரெக்ட்" ன்னு எக்ஸாமினர் மூணு பேருக்கும் பாஸ் போட்டுட்டார்.

தங்கப்பழம் மட்டும் நகரல. பிளாஸ்டிக் முதுக மெதுவாத் தடவிக் குடுத்தான்.

"பாவம் சார். இவ்வளவு படிச்சும் வேல கெடைக்காம இங்கயே படுத்துட்டாரு."