நுனி கடிபடாத விதைகள்

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், பெரியவர்களும்தான். மனிதர் கால் படாத ஒரு மலையில், முன்னொரு காலத்தில், குறுணி என்று ஒரு வெள்ளெலி இருந்தது. அதற்குக் கருவாலி என்று ஓர் அக்கா. இரண்டும் ஒரே வளையில் பிறந்து, ஒரே வளையில் தூங்கி, ஒரே விதைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவை.

காட்டவரை விதையைச் சேர்த்துவைப்பதில் அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. முளை கிளம்பும் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வளைக்குள் வைக்கும். கடிக்காமல் வைத்தால் ஈரம் பட்டதும் விதை முளைத்துச் சாப்பாடு வீணாகிவிடும். "நுனியைக் கடிச்சியாடி?" என்று கருவாலி நாளெல்லாம் நச்சரிக்கும்.

ஒரு கோடையில் மலை தீப்பிடித்தது. குறுணி வளையின் அடியாழத்தில் கிடந்து தப்பியது. விதை பொறுக்கப் போன கருவாலி திரும்பவில்லை.

தீ அடங்கியபின் குறுணி எட்டிப் பார்த்தது. மலை மொட்டையாகக் கிடந்தது. புல் இல்லை, புல்லுக்கடியில் ஓடிய பாதை இல்லை, ஒளிந்து நிற்க ஒரு செடி இல்லை. சாம்பல்மேல் எலி நடந்தால் மேலே பருந்துக்கும் தெரியும், கீழே நரிக்கும் தெரியும். அதனால் குறுணி வளையைவிட்டு நகரவில்லை. இருந்த விதையைக் கொறித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அழுதது. பேச ஆளில்லாத வளை அதற்குப் பெரிதாகிப் போயிருந்தது.

அந்த அழுகை ஒரு நரியின் காதில் விழுந்தது. வளை பாறை இடுக்கில் இருந்ததால் தோண்ட வழியில்லை. பசியில் நரியின் வயிறு ஒட்டிக் கிடந்தது. குரலில் மட்டும் தேன் ஒழுகியது.

"அம்மாடி, நீயும் தனி, நானும் தனி. வெளியே வா, பேசிக்கிட்டிருப்போம்."

குறுணிக்கு ஆசைதான். ஆனாலும் வரவில்லை.

மறுநாள் நரி மூச்சிரைக்க ஓடிவந்தது. "உன் அக்காவைப் பார்த்தேன்மா! ஓடைப் பக்கம் உசுரோட இருக்கா. கால் வெந்துபோச்சு, நடக்க முடியல. வா, கூட்டிட்டுப் போறேன்."

குறுணியின் முன்னங்கால் வளைக்கு வெளியே வந்துவிட்டது. நரி சொல்வது பொய்யாக இருக்கலாம். மெய்யாக இருந்துவிட்டால்? அங்கே அக்கா காலை இழுத்துக்கொண்டு காத்திருந்தால்? பாவம், அது வெகுநேரம் அப்படியே நின்றது.

கடைசியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. "நரியண்ணே, அக்கா சேர்த்துவச்ச காட்டவரை விதை கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. பார்த்ததும் கிளம்பிடுறேன்."

மூன்றாம் நாள் நரி வாய் நிறைய விதையோடு வந்து வளை வாசலில் துப்பியது. "இந்தா, உன் அக்கா குடுத்தது. உடனே வரச்சொன்னா."

குறுணி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. ஒன்றில்கூட நுனி கடிபடவில்லை. நரி என்ன விதை தின்கிற பிராணியா, அதற்கு நுனியைப் பற்றி என்ன தெரியும்?

"இது அக்கா குடுத்ததில்ல அண்ணே" என்றது குறுணி. அக்கா இனி வரமாட்டாள் என்பது அந்த நொடியில்தான் அதற்கு உறைத்தது. நரி கெஞ்சியது, அதட்டியது, பிறகு அலுத்துப்போய் வேறு திசையில் நடந்தது.

அந்த விதைகளைத் தின்னக் குறுணிக்கு மனம் வரவில்லை. வாசலிலேயே விட்டுவிட்டது. மழை வந்தது. நரி சாம்பலில் பொறுக்கிய, தீச்சூட்டில் தோல் வெடித்திருந்த அந்த விதைகள் முளைத்து, கொடியாகப் படர்ந்து, வளை வாசலை மூடின. பருந்து மேலே வட்டமிட்டது. நரி பக்கத்திலேயே நடந்து போனது. இரண்டின் கண்ணுக்கும் இலைதான் தெரிந்தது.

காய் முற்றியபோது குறுணி கொடி நிழலில் உட்கார்ந்து விதை சேர்த்தது. ஒவ்வொன்றாக நுனியைக் கடித்துத் துப்பியது. "கடிச்சிட்டேன்க்கா" என்றது. கேட்க அங்கே யாருமில்லை.

தனிமையில் தவிப்பவர், எந்தச் சொல்லைக் கேட்க ஏங்குகிறாரோ அந்தச் சொல்லைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.