கஞ்சி ஊற்றியவனின் பயம்

"கொடுக்கக் கொடுக்கப் பயம்தான் கூடுது, அம்மா" என்றான் திருமேனி, அழகம்மையிடம்.

மழை பொய்த்த மூன்றாம் வருஷம் அது. ஊரில் நெல் மிஞ்சியிருந்தது அவன் வீட்டில் மட்டும். தினமும் உச்சிவேளையில் வாசலில் கஞ்சி ஊற்றினான்.

அழகம்மைக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் தனியாக இருந்தார். மனசு கலங்கினால் ஊர்க்காரர்கள் அவரிடம்தான் போவார்கள்.

கஞ்சிக்கு நிற்கிறவர்கள் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளுக்குப் பின்னால் நெல் அறையைத்தான் பார்க்கிறார்கள் என்றான். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து உள்ளே பாய்ந்துவிடுவார்களோ என்று காவலுக்கு ஆள் வைத்தான். இப்போது காவல்காரர்களைப் பார்த்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

யாருடைய பார்வை அதிகம் பயமுறுத்துகிறது என்று அழகம்மை கேட்டார்.

இடுப்பில் பிள்ளையோடு வரும் ஒருத்தி. கஞ்சி வாங்கியதும் போகமாட்டாள். திறந்திருக்கும் நெல் அறையையே வெறித்துக்கொண்டு நிற்பாள். பேர் தெரியாது. குளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை.

"அவ வீட்டுக்குப் போயிட்டு வாரும். தனியா, வெறுங்கையோட."

"ஏதாவது கொண்டுபோகலாமே, அம்மா."

"கொண்டுபோனா வாசல்லயே கொடுத்துட்டுத் திரும்பிருவீர்."

மறுநாள் போனான்.

வறண்ட குளத்தைத் தாண்டியதும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் சட்டென்று எழுந்தார்கள். அவன் ஓரடி பின்வாங்கினான். அவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

குனிந்து குடிசைக்குள் நுழைந்தான். அவனைக் கண்டதும் அந்தப் பெண் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் போன மார்கழியில் அவன் கொடுத்த போர்வையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சட்டி. அடியில் கொஞ்சம் கஞ்சி.

கை நடுங்கியதில் சட்டி தரையில் தடதடத்தது.

"இவ்வளவுதான் இருக்கு, மொதலாளி. எடுத்துக்கிடுங்க. என்ன தப்பு செஞ்சோம்னு தெரியல. நாளைக்கு ஊத்தமாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

எதையும் திருப்பி வாங்க வரவில்லை என்றான். அவள் நம்பவில்லை.

தினமும் எதற்காக நெல் அறையைப் பார்க்கிறாய் என்று கேட்டான்.

"மூடை எத்தனை மிச்சம்னு பார்ப்பேன். ராத்திரி அந்த நெனைப்புலயே கண்ணை மூட முடியாமக் கிடப்பேன்."

அவனும் அப்படித்தான் கிடந்தான். உன் பேர் என்ன என்று மட்டும் கேட்டான். முப்பிடாதி என்றாள், தலையைத் தூக்காமல்.

நேராக மண்டபத்துக்கு வந்தான். முப்பிடாதி தன்னைக் கண்டு நடுங்கியதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மடியை அவிழ்த்து நெல் அறைச் சாவியை எடுத்தான். இனிமேல் நீங்களே ஊற்றுங்கள் என்று அழகம்மையிடம் நீட்டினான்.

அழகம்மை கையை நீட்டவில்லை.

"நான் வாங்கினா, நாளையிலருந்து அவ என்னைப் பார்த்து நடுங்குவா."